நாலு படியும் இரண்டு தலையணை உறையும்

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை பாதி போன பிறகு, ஜெராக்ஸ்காரன் தன் பங்கை அமுக்கிவிட்டான் என்று யாரும் பேசக் கூடாது.

எங்கள் சந்தில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், லாண்டரி எதிர்ப்பக்கம், மூலையில் என் ஜெராக்ஸ் கடை. லாண்டரியின் முன்னறையில் இஸ்திரி மேசை. நடு அறையில் இரண்டு துவைக்கும் மெஷின், ஒரு பிழியும் டிரம். கொல்லையில் ஐந்து கயிறு. மருத்துவமனை விரிப்பு, விடுதித் தலையணை உறை, சமையல்காரர்களின் மேலங்கி என்று காலை ஏழு மணிக்குள் ஐந்து கயிறும் நிறைந்துவிடும். சோப்பு வாசனையும் சூடான துணி வாசனையும் என் கடை வரைக்கும் வரும். எனக்கு அந்த வாசனை வந்தால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

அந்த வீட்டில் மூன்று பேர். லாண்டரிக்காரர் அதிகம் பேசமாட்டார். துணி காய்ந்ததா என்று பார்க்க அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். இஸ்திரி போடுவது அவர் தங்கை. அண்ணன் பேசாமல் மிச்சம் வைத்த பேச்சையெல்லாம் அவள் பேசித் தீர்ப்பாள். அவளை ஊரே இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிட மூத்தவர்கள் உட்பட. மூன்றாவது டீச்சர், அதாவது லாண்டரிக்காரரின் மனைவி. காலை ஐந்து மணிக்கு எழுந்து முதல் மெஷினைப் போட்டுவிடுவார். ஏழு மணிக்குக் கயிறு நிறைந்ததும் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு எதிரே பள்ளிக்கூடத்துக்குப் போவார். ஏழாம் வகுப்பு அறிவியல், பதினேழு வருஷமாக. அவரிடம் படித்தவர்கள் என் கடைக்கு வந்தால் பத்து நிமிஷமாவது அவரைப் பற்றிப் பேசாமல் போவதில்லை.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நாற்பது டேப், அதாவது கையில் பிடிக்கிற தொடுதிரைக் கணினி, வந்து இறங்கியது. கூடவே பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, மேலிடத்திலிருந்து வந்த ஒரு தாளை என்னிடம் கொடுத்து, எல்லா ஆசிரியர்களுக்கும் அறுபது பிரதி வேண்டும் என்றார். தாளில் ஒரு படிக்கட்டுப் படம். முதல் படி: பழையதற்குப் பதிலாகக் கருவி. இரண்டாவது: பழையதோடு கொஞ்சம் கூடுதல் வசதி. மூன்றாவது: பாடம் நடத்தும் விதமே மாறுவது. நாலாவது: கருவி இல்லாமல் முடியாததைச் செய்வது. நாலாவது படியின் உச்சியில் ஒரு குட்டிக் கொடி வேறு வரைந்திருந்தார்கள். நான் அறுபது பிரதி எடுத்தேன், கட்டினேன், கொடுத்தேன். அன்றைக்குக் கூட்டம் அதிகம். தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கூடவே வந்த செய்திதான் மோசம். பருவ முடிவில் மேலிடத்திலிருந்து ஒரு மேடம் வந்து ஒவ்வொருவர் வகுப்பிலும் உட்காருவார். கருவியோடு பாடம் நடத்தத் தெரியாதவர்களுக்கு வகுப்பு கிடையாது. அவர்கள் சார்ஜ் அறைக்குப் போக வேண்டும். காலையில் டேப்களை எண்ணிக் கொடுப்பது, மாலையில் எண்ணி வாங்கிச் சார்ஜில் செருகி வைப்பது. அதுதான் வேலை.

"பதினேழு வருஷம் பாடம் நடத்திட்டு ஒயர் சொருகவா போறேன்?" என்று டீச்சர் என் கடை வாசலில் நின்று கேட்டார். உங்களுக்கெல்லாம் அப்படி ஆகாது டீச்சர் என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

டீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. படிக்கட்டு என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் ஏற வேண்டும், கொடி வரைக்கும் ஏற வேண்டும், அதுவும் ஒரே பீரியடில் நாலு படியும் ஏற வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார். அவர் மட்டுமில்லை, பள்ளிக்கூடமே அப்படித்தான் புரிந்துகொண்டது. கணக்கு வாத்தியார் வாய்ப்பாட்டுக்குப் பாட்டுப் போட்டார். வரலாற்று டீச்சர் ராஜாவைப் பேசும் பொம்மையாக்கினார். அவரவர் பாடு அவரவருக்கு.

டீச்சர் எடுத்துக்கொண்ட பாடம் ஆவியாதல். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டிலேயே ஒத்திகை நடக்கும். சாப்பாட்டு மேசையில் டேப்பை நிறுத்தி வைப்பார். லாண்டரிக்காரரும் இஸ்திரி அக்காவும் மாணவர்கள். சில நாள் நானும் போய் உட்காருவேன், ரொட்டியும் அவித்த முட்டையும் கிடைக்கும். முதல் பத்து நிமிஷம் திரையில் பாடப்புத்தகம். அடுத்தது தண்ணீர்த் துகள்கள் துள்ளும் படம். அடுத்து வினாடி வினா. கடைசியில் பிள்ளைகளே ஒரு மேகமாக மாறிப் பேசுகிற ஏதோ ஒன்று. அதை எத்தனை முறை பார்த்தும் எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

லாண்டரிக்காரர் மூன்றாவது படியில் தூங்கிவிடுவார்.

"அண்ணி, உங்க முதல் மாணவன் குறட்டை விடுறான், பெஞ்சு மேல நிறுத்துங்க" என்பாள் இஸ்திரி அக்கா.

"நாள் முழுக்க ஈரத்துணி தூக்கினவரு. விடு, தூங்கட்டும்" என்பார் டீச்சர். ஆனால் அவர் முகம் சுண்டிப்போவது தெரியும்.

மேடம் வருவதற்குப் பத்து நாள் முன்னால் பெரிய டீச்சர் ஒரு முன்னோட்டம் வைத்தார். அன்று டீச்சர் நாலு படியும் ஏறினார். இரண்டாவது படியில் எட்டு டேப் நின்றுபோனது. மூன்றாவதில் பிள்ளைகள் வினாடி வினாவில் ஒருத்தர் பெயரில் ஒருத்தர் பதில் போட்டார்கள். நாலாவதில் மேகம் பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. அந்த வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், கேள்விப்பெட்டி என்று பெயர். எப்போதும் கையைத் தூக்கியபடியே இருப்பாள். அன்றைக்கு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?"

பதினேழு வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொன்னபோது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய டீச்சர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். இன்னும் பத்து நாள் இருக்கு, பாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். லாண்டரிக்காரர் எழுந்து போய்த் தானே டீ போட்டுக் கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். டீச்சர் அப்படியே குடித்தார்.

இரண்டு நாள் கழித்து என் மெஷின் மக்கர் பண்ணியது. பிரதியின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. மூடியைக் கழற்றித் துடைக்கும்போது, மூடியின் உள்ளே வெள்ளை அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தாள் சிக்கியிருந்தது. இழுத்தேன். படிக்கட்டுப் படம். பெரிய டீச்சர் கொடுத்த அசல். பிரதிகளை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு அசலை மூடியிலேயே விட்டிருக்கிறேன், அவரும் கேட்கவில்லை. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் அச்சடித்திருந்தது.

பின்பக்கத்தில் மூன்று வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நின்றன. ஒன்றில் பாடம், ஒன்றில் கற்பிக்கும் முறை, ஒன்றில் கருவி. மூன்றும் சேருகிற நடு இடத்தில் ஒரு புள்ளி. கீழே எழுதியிருந்தது: "எல்லாப் பாடமும் நாலாவது படிக்கு ஏற வேண்டியதில்லை. முதலில் பாடத்தில் பிள்ளைகளுக்கு எது கடினம் என்று பாருங்கள். அதற்குக் கருவி உதவினால் மட்டும் எடுங்கள்."

அறுபது பேரை ஒரு மாசமாக மொட்டைப் படியில் ஏறவிட்டவன் நான்தான். தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததைச் சொல்வதில் என்ன வெட்கம். கடையை அப்படியே போட்டுவிட்டு லாண்டரிக்குப் போனேன்.

டீச்சர் கொல்லையில் கயிற்றில் இருந்தார். அன்று பள்ளி விடுமுறை. நான் தாளை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்பக்கத்தை இரண்டு முறை படித்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

"பிள்ளைங்களுக்கு எது கஷ்டம்னு பாருன்னு போட்டிருக்காங்க" என்றார். "பதினேழு வருஷமா அதைத்தானே பார்த்துட்டு இருந்தேன். டேப் வந்ததும் மறந்துட்டேன்."

"எது டீச்சர் கஷ்டம், ஆவியாதல்ல?"

"வெயில்தான் துணியைக் காய வைக்குதுன்னு நினைக்கிறதுங்க. காத்துக்கு ஒரு பங்கு இருக்குன்னு எவ்வளவு சொன்னாலும் ஏறாது. பரீட்சையில எழுதிடுதுங்க, மார்க் வாங்கிடுதுங்க. ஆனா நம்ப மாட்டேங்குதுங்க."

அப்போது லாண்டரிக்காரர் சுவரோரக் கயிற்றிலிருந்து விடுதி உறைகளை எடுத்து, பக்கத்துக் கட்டடத்துக்கும் லாண்டரிக்கும் நடுவில் இருக்கிற இடுக்குக் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சுவரோரம் முழு வெயில். இடுக்கில் ஒரு பொட்டு வெயில் விழாது.

"ஏங்க, வெயில்ல கிடக்கிறதை ஏன் நிழலுக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அவசரத் துணி. மத்தியானம் விடுதிக்குப் போகணும்."

"அவசரம்னா வெயில்ல தானே போடணும்?"

"அந்த இடுக்குல சீக்கிரம் காயும்."

"ஏன்?"

அவர் யோசித்தார். "காயும்" என்றார் மறுபடி.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். இடுக்கில் காற்று விர்ரென்று போய்க்கொண்டிருந்தது. உறைகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

அடுத்த வாரம் அந்த வீட்டில் ஒத்திகை நடக்கவில்லை. மேகத்தையும் வினாடி வினாவையும் தூக்கிப் போட்டாயிற்று. பின்பக்கத்துக்கு அறுபது பிரதி எடுத்து நானே பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இப்போது விவரிக்க விருப்பமில்லை.

மேடம் வந்த அன்று நல்ல வெயில், நல்ல காற்று. டீச்சருக்கு இரண்டு பீரியட் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஏற்பாடு இதுதான். ஒரே அளவு இரண்டு தலையணை உறை, ஒன்றாக நனைத்துப் பிழிந்தவை. மூட்டை நிறுக்கிற, கிராம் வரை காட்டும் கொக்கித் தராசு லாண்டரியில் இரண்டு இருந்தன. ஒன்று சுவரோர வெயிலில், ஒன்று இடுக்கு நிழலில், ஒவ்வொன்றிலும் ஓர் உறை தொங்கும். நாலு பிள்ளைகள் கொல்லையில். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை எடையை டேப்பில் தட்ட வேண்டும். ஒவ்வொரு தராசின் எதிரிலும் ஒரு டேப் நின்று நிமிஷத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும். மிச்சம் இருபத்தெட்டுப் பேர் எதிரே வகுப்பில். எடை வர வர, சுவர்த்திரையில் இரண்டு கோடுகள் இறங்கும். எது முதலில் காயும் என்று ஆரம்பத்திலேயே கை தூக்கச் சொன்னார் டீச்சர். இருபத்தைந்து பேர் வெயில் கட்சி. மூன்று பேர் காற்றுக் கட்சி. அந்த மூன்று பேரில் ஒருத்தி கேள்விப்பெட்டி.

என்னைக் கொல்லையில் பிள்ளைகளுக்குக் காவல் போட்டிருந்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். வகுப்பில் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, பிறகு நாலு பேர் சொன்னதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்து மணிக்கு இரண்டு உறையும் இருநூற்று அறுபது கிராம். இருபது நிமிஷத்தில் இடுக்குக் கோடு கீழே போக ஆரம்பித்தது. வெயில் கட்சியில் முணுமுணுப்பு. பத்து நாற்பதுக்கு வெயில் உறை நூற்றுத் தொண்ணூற்றைந்து, நிழல் உறை நூற்று எழுபது. காற்றுக் கட்சி மூன்று பேரும் பெஞ்சைத் தட்டினார்கள். டீச்சர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்ததாம். பின்பெஞ்சில் மேடம் ஏதோ குறித்துக்கொண்டாராம்.

பத்து நாற்பத்தைந்துக்கு நிழல் உறையின் எடை வந்தது. இருநூற்று இரண்டு.

கோடு செங்குத்தாக மேலே ஏறியது. வெயில் கட்சி எழுந்து நின்று கூத்தாடியது. மேடம் பேனாவை நிறுத்திவிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று சொல்லி அந்த எண்ணை அழித்துவிடலாம். ஒரு விநாடி வேலை. விரல் வரைக்கும் வந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார். சார்ஜ் அறையின் ஒயர்க் குவியல்தான் கண் முன்னால் வந்ததாம்.

அவர் அழிக்கவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "காயற துணி எப்படிடா கனம் கூடும்?" என்று கேட்டார்.

"இதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?" என்றாள் கேள்விப்பெட்டி.

"எனக்கும் தெரியலை. கண்டுபிடிங்க."

அவ்வளவுதான், வகுப்பு பிய்த்துக்கொண்டது. மழை பெய்திருக்கும் என்றான் ஒருவன். ஜன்னலைப் பார், வெயில் அடிக்கிறது என்றாள் இன்னொருத்தி. காற்றே ஈரத்தைக் கொண்டுவந்திருக்கும், தராசு கெட்டுப்போயிருக்கும், அங்கே இருக்கிற நாலு பேரும் வெயில் கட்சியிடம் விலை போய்விட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்று. சண்டை முற்றியபோது கேள்விப்பெட்டி கத்தினாள்: "படம் இருக்குல்ல, நிமிஷத்துக்கு ஒண்ணு. அதைப் பாருங்க."

பத்து நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. உறை தனியாக ஆடிக்கொண்டிருக்கிறது. நாற்பத்து மூன்றில் படத்தின் ஓரத்தில் ஒரு நீல ரவிக்கை முழங்கை. முழங்கைக்கு அப்பால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், மூடியில் ஓட்டை போட்டது.

இருபத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், "இஸ்திரி அக்கா."

உண்மையில் நானும் அதைப் பார்த்தேன். அக்கா கயிற்றோரமாகப் போனாள், உறையைத் தொட்டுப் பார்த்தாள், பாட்டிலை நாலு உதறு உதறிவிட்டுப் போனாள். தினமும் பார்க்கிற காரியம், அதனால் என் மண்டையில் உறைக்கவில்லை. பிள்ளைகள் நாலு பேரும் அந்த நேரம் வெயில் தராசுப் பக்கம் இருந்தார்கள். வகுப்பிலிருந்து டேப்பில் வீடியோ அழைப்பு வந்தபோது நான்தான் அக்காவை முன்னால் இழுத்துக்கொண்டு வந்தேன். சுவர்த்திரை முழுக்க அவள் முகம்.

"அக்கா, நீங்க தண்ணி தெளிச்சீங்களா?"

"தெளிச்சேன். விறைக்க ஆரம்பிச்சிருச்சு. அப்படியே காய விட்டா நாளைக்கு எவ இஸ்திரி போடுறது? சுருக்கம் போகுமா?"

"தொடக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களே."

"கயித்துல இருந்து எடுக்காதேன்னுதான் அண்ணி சொன்னாங்க. தெளிக்காதேன்னு சொல்லலையே."

வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மேடமும் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாராம். ஆனால் கேள்விப்பெட்டி சிரிக்கவில்லை. அக்கா, எத்தனை உதறு என்று கேட்டாள். எப்பவும் நாலுதான், கை கணக்கு என்றாள் அக்கா. அப்படியானால் இன்னோர் உறையைத் தராசில் தொங்கவிட்டு அதே மாதிரி நாலு உதறு உதறுங்கள் என்றாள். மேசையில் வைத்து உதறப்போனவளை, "தொங்கவிட்டுத்தான், இல்லன்னா கீழே சிந்தினது கணக்குல வராது" என்று அதட்டினாள். எங்கள் சந்தில் இஸ்திரி அக்காவை அதட்டிய முதல் ஆள் அவள்தான். அக்காவும் வாயைத் திறக்காமல் செய்தாள். நாற்பது கிராம் கூடியது.

வகுப்பில் நாற்பதைக் கழித்தார்கள். நிழல் உறைக்குப் புள்ளிப்புள்ளியாகப் புதுக் கோடு போட்டார்கள். அது பழையபடி கீழே, வெயில் கோட்டுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. ஏன் என்று வெயில் கட்சிக்காரன் ஒருவனே எழுந்து சொன்னானாம். சுவரோரம் காற்று வராது, துணியிலிருந்து வந்த ஈரம் துணியைச் சுற்றியே நிற்கும். இடுக்கில் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், மேற்கொண்டு ஈரம் வெளியே வர இடம் கிடைக்கும். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மேடம் வெளியே போகும்போது வாசலில் கேள்விப்பெட்டியை நிறுத்தி, இன்றைக்கு டேப் என்ன செய்தது என்று கேட்டார்.

"அது எடை எழுதுச்சு, படம் எடுத்துச்சு" என்றாள் அவள். "சண்டை நாங்க போட்டோம்."

மேடம் நேராகச் சந்தைத் தாண்டி லாண்டரிக் கொல்லைக்கு வந்தார். டீச்சரும் பின்னாலேயே. லாண்டரிக்காரர் ஈரப் பனியனோடு நின்றிருந்தவர் துண்டைத் தேடினார். மேடம் அந்த இடுக்கில் கொஞ்ச நேரம் காற்றில் நின்றார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"எந்தப் படின்னு ஒரு கட்டம் இருக்கு டீச்சர். எதைப் போடட்டும்?"

"தெரியலைங்க மேடம்" என்றார் டீச்சர். "நான் படியைப் பார்க்கலை. பிள்ளைங்க எதை நம்ப மாட்டேங்குதோ அதை மட்டும்தான் பார்த்தேன்."

மேடம் தலையாட்டினார், ஒன்றும் எழுதவில்லை, மூடி வைத்துக்கொண்டார். போகும்போது லாண்டரிக்காரரிடம், இத்தனை வருஷமாக இடுக்கில் போடுகிறீர்களே, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"துணிதான்" என்றார் அவர். அந்த வாரத்தில் அவர் வெளியாளிடம் பேசிய ஒரே வார்த்தை அது.

ஒன்பது நாள் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பத்தாவது நாள் மத்தியானம் டீச்சர் பள்ளியிலிருந்து நேராக என் கடைக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். ஏழாம் வகுப்பு அறிவியல் அவரிடமே இருக்கும். கடிதத்தின் கீழே அச்சாகியிருந்த படிவத்தில், படி என்ற கட்டத்தில் மேடம் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: "தப்பான எண்ணை அழிக்கவில்லை." அதைப் படித்ததும் இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

எதிரே இஸ்திரி அக்கா பாட்டிலோடு கொல்லைப் பக்கம் போனவள், டீச்சரைப் பார்த்ததும் நின்றாள். "அண்ணி, இன்னைக்குக் கயித்துல பாடம் ஏதாவது நடக்குதா? இல்ல நான் தெளிக்கலாமா?"

"தெளி" என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டே. பிறகு கடிதத்தை என்னிடம் நீட்டி, வீட்டில் வைக்க ஒரு பிரதி போதும் என்றார்.

முன்பக்கம் எடுத்தேன். தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதையும் எடுத்துக் கொடுத்தேன்.